வேன் சொன்னால் சரி

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கேமரா வைத்துப் பிழைப்பவர்களுக்கு நான் ஒரு யோசனை சொல்வதுண்டு. லென்ஸைத் துடைக்கக் கடையில் விற்கிற பூப்போன்ற துணி எதுவும் சரிப்படாது. வருஷக்கணக்கில் துவைத்து நைந்துபோன பருத்தி வேட்டிதான் சரி. அதையும் காய்ந்தபடி வைத்துத் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஈரத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். நீங்கள் வேனைச் சோதனை போட்டபோது மூலையில் கிடந்த கிழிந்த வேட்டியைப் பார்த்து உங்கள் கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்தார். அது என் அய்யா கட்டிய வேட்டி. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம். எனக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு உதவும்.

என்னோடு வேனில் வேலை பார்க்கிற முருகலட்சுமி உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் வேலை மிச்சம். இரண்டு பஸ் மாறி வருகிற பெண், அவளைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்காதீர்கள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மறைக்கவில்லை, அவளுக்கு அது தெரியாது. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. அலுத்தவன் பேச்சு அப்படித்தான் போகும்.

என் பெயர் முத்துகிருஷ்ணன். நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், கால்பந்து நடுவராக ஓடினேன், இப்போது சேது லீக்கில் வீடியோ நடுவர். கடலோர ஊர்களின் அணிகள் மோதுகிற தொழில்முறைப் போட்டி அது. மைதானத்துக்குள் விசிலோடு ஓடுகிறவர் ஒருவர். வெளியே திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் கண்ணுக்குத் தப்பியதை அவர் காதில் சொல்கிறவன் நான். பெரிய லீக்குகளில் இதற்குத் தனிக் கட்டடமே உண்டு என்கிறார்கள். எங்களுக்கு ஒரு வேன் கொடுத்தார்கள். முன்பு இறால் ஏற்றிக்கொண்டு போன குளிர்சாதன வேன். எத்தனை ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தும் அந்த இறால் வாடை போகவில்லை.

அய்யாவுக்கு என் வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "எவன் காலு எவன் காலுக்கு முன்னாடி இருக்குன்னு பாக்கிறதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு வேனு, வேனுக்குள்ள ஏசி. மிளகா அங்கன வெயில்ல கெடந்து காயுது, நீ இங்கன குளுகுளுன்னு ஒக்காந்திருக்க" என்பார். ஆனால் ஜனங்கள் வேனை நம்ப ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் கல்லைவிட்டு எறிந்தவர்கள்தான். கடல்காற்றில் கேமராக் கம்பம் ஆடுவதால்தான் ஆஃப்சைடு கோடு தப்பாக விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டுக் கோடு போடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்குப் பிறகு கோடு தப்பவில்லை. கொஞ்ச நாளில் ஊரில் அது ஒரு பேச்சாகிவிட்டது. நடுவரிடம் மல்லுக்கு நிற்கிறவனைப் பார்த்து, "வேன் சொல்லிருச்சுல்ல, போலே" என்பார்கள். மண்டபத்தில் டீக்கடை பெஞ்சில் யார் முதலில் வந்து உட்கார்ந்தது என்கிற தகராறுக்குக்கூட, "போயி வேனைக் கேளு" என்று சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வேனுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு விஷயத்துக்கு மட்டும்தான் நாங்கள் வாயைத் திறக்கலாம். கோல், பெனால்ட்டி, சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டிவிடுவது. இந்த நாலில் வராத எதைப் பார்த்தாலும் நடுவரிடம் நாங்கள் ஊமை. உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான் முறை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததை எல்லாம் காதில் ஓதிக்கொண்டிருந்தால் எந்த நடுவரும் ஆட்டத்தை நடத்த முடியாது.

நான் விசிலோடு ஓடிய காலத்தில் ஒருமுறை பக்கவாட்டில் வந்த பந்து என் காதோரம் அடித்தது. விழுந்தேன், எழுந்தேன், ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த ஆட்டத்தில் நான் ஒரு பெனால்ட்டி கொடுத்தேனாம். இன்றுவரை எனக்கு நினைவில்லை. அன்று என் வீட்டுக்கு நானே வழி கேட்டிருக்கிறேன். மதுரையில் டாக்டர் சொன்னார்: "நல்ல நேரம், ரெண்டாவது அடி படலை. சும்மா லேசாப் பட்டிருந்தாலும் ஆளு இருந்திருக்க மாட்டீங்க." முதல் அடியில் மூளை கலங்கிப் போயிருக்கும், அது அடங்குவதற்குள் விழுகிற இரண்டாவது அடிதான் எமன் என்று விளக்கினார். அதோடு என் ஓட்டம் நின்றது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகப் பேசிவிடக் கூடாது.

வேனுக்கு வந்தபிறகு நான் எழுதிய நல்ல புரோகிராம் ஆஃப்சைடு கோடு இல்லை. அதற்குத் 'தலைக்காவல்' என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு பேர் மோதினால் அது தலையைப் பார்க்கும். விழுந்தவன் கை விறைத்து மேலே நிற்கிறதா, எழுந்து வைக்கிற முதல் அடிகள் கோணுகின்றனவா, தன் அணி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடுகிறானா, இதையெல்லாம் பார்த்துவிட்டு அவனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுச் சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரை உள்ளே விட வேண்டும். நாலு விஷயத்தோடு ஐந்தாவதாக இதைச் சேருங்கள் என்பதுதான் நான் கேட்டது.

லீக் கமிட்டித் தலைவர் வீரபத்திரனை உங்களுக்குத் தெரியும். ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறவர். ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் அவர் முன்னால் போய் நிற்பேன். ஒவ்வொரு முறையும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவார். போன சீசனில் கொஞ்சம் மனம் விட்டே பேசினார். "நல்ல மிஷினுதான் முத்து. ஆனா ஆட்டத்த நிறுத்துற மிஷின்ல இது? கோடு போடுறதுக்கே டிவிக்காரன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். இங்கன எவனுக்குய்யா மண்டை போச்சு? ஒருத்தனுக்குப் போகட்டும், மறுநாளே வாங்கிருவோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, வாய் அப்படி. வெளியே வந்த என்னைத் தோளில் தட்டி, "வேணும்னா வேனுக்குள்ள நீ பாட்டுக்கு ஓட விட்டுக்க. வெளிய சொல்லிக்காத" என்றும் சொன்னார். அப்படித்தான் தலைக்காவல் என் மூன்றாவது திரையில் அந்த சீசன் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிக்கும் முருகலட்சுமிக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஜீவிதனைப் பற்றி உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். மண்டபம் அணியில் ஒன்பதாம் நம்பர். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, காலில் பந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஆடுகிறவன். அம்மா குணபூஷணி, தங்கை நிசாந்தினி, மூன்று பேர்தான் வீட்டில். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் வேனுக்கு வரக் கூடாது என்பது விதி. எங்கள் லீக்கில் அந்த விதியை யாரும் மதித்ததில்லை. பின்கதவைத் தட்டி, ஏசிக் காற்றில் கொஞ்சம் நின்று, தன் கிளிப்பைத் தானே பார்த்துவிட்டுப் போவார்கள். ஜீவிதன் ஒரு ஆட்டம்கூடத் தவறியதில்லை. "சேர், என்ர கோலை ஒருக்காப் போடுங்கோ" என்று வந்து நிற்பான். "உங்கட வேனுக்கு வழி காட்ட ஆள் தேவையில்லை சேர், இந்த இறால் மணத்தை வச்சே கண்ணை மூடிக்கொண்டு வந்திருவன்" என்று கேலி பண்ணுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். கோல் போட்டதும் குதிக்காமல் திரும்பி வேனைப் பார்த்துக் கும்பிடுகிற பையன். ஆஃப்சைடு இல்லை என்று நான் சொல்கிறவரை காத்திருந்துவிட்டு அப்புறம்தான் ஓடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அணியின் ஆட்கள் வந்திருந்தார்கள். முகாமில் இருக்கிறவன் வெளியூர் போய்த் தங்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். அந்த அம்மா அலுவலகம் அலுவலகமாக நடந்து அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அணி எடுப்பதற்கு முன்னாலேயே அனுமதி வந்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு கார்னர் கிக். தூத்துக்குடி அணியின் தடுப்பாட்டக்காரனும் இவனும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். அவன் நெற்றி இவன் நெற்றிப்பொட்டில் மோதியது. ஜீவிதன் விழுந்தான். அவன் வலது கை முழங்கையிலிருந்து மேலே விறைத்து அப்படியே நின்றது, பிறகு தானாகச் சரிந்தது. என் மூன்றாவது திரையில் அவனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. தலைக்காவல் கத்த ஆரம்பித்தது.

உள்ளே விசில் வைத்திருந்தவர் லூர்துராஜ். "வேன், செவப்பு செக் பண்ணுங்க" என்றார்.

"பாக்குறேன் லூர்து."

பார்த்தேன். எல்லாக் கோணத்திலும் பார்த்தேன். இரண்டு பேர் கண்ணும் பந்து மேல்தான் இருந்தது. "வேணும்னு அடிக்கல. செவப்பு இல்ல. செக் முடிஞ்சது, ஆட்டத்த விடுங்க" என்றேன். அந்த முடிவு சரியான முடிவு. உலகத்தில் எந்த வீடியோ நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். இதற்கு முன்பு லீக் நடத்திய விசாரணையிலும் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, நான் முறைப்படி நடந்துகொண்டேன் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

முருகலட்சுமி என் பக்கத்து நாற்காலி. கேமராக் கோணங்களை மாற்றிக் கொடுக்கிறவள். "ஐயையோ சார், கையப் பாருங்க. வெறச்சு நிக்குது சார்" என்றாள்.

"பாத்தேம்மா."

வேனில் ஒரு போன் உண்டு. கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால், கேட்டில் நிற்கிற ஆம்புலன்ஸ் டாக்டரைக் கூப்பிடுவதற்கு. அவள் அதை எடுத்துவிட்டாள்.

"வையிம்மா. நம்ம நாலு விஷயத்துல இது வராது."

"நாலு விஷயம் ரெஃப்ரி காதுல சொல்றதுக்குத்தானே சார்? டாக்டருக்குப் போன் பண்ண எதுக்கு சார் விஷயம்?"

"வையின்னா வையி."

வைத்தாள். தலைக்காவல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவள் அந்தத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கையை நீட்டிச் சத்தத்தை அணைத்தேன். இதுவரைதான் அவள் உங்களிடம் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எனக்கு அப்போது பதற்றமே வரவில்லை என்பதை அவள் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு வந்தது ஆறுதல். வராத பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்தவனுக்குத் தூரத்தில் பஸ் தெரிந்தால் வருகிற ஆறுதல். எத்தனை சீசன் அந்த ஐஸ் பிளான்ட் ஆபீசில் காப்பி குடித்தேன். எத்தனை பேர் கேட்டார்கள், இங்கன எவனுக்கு என்ன ஆச்சு என்று. இதோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ஒருவன் அடிபட்டு, எழுந்து, வெளியே போய், ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? வீரபத்திரன் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியும், ஒருத்தனுக்குப் போகட்டும் என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் விளையாட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் முருகலட்சுமியிடம் வேட்டியைக் கொடுத்தேன். இரண்டாவது கேமராவில் உப்புப் படிந்து படம் மங்கலாக இருக்கிறது, போய்த் துடைத்துவிட்டு வா என்றேன். அந்தக் கம்பம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவள் போனாள். கேமராவில் உப்பு படிந்திருக்கவில்லை.

ஜீவிதன் வருவதைத் திரையில் பார்த்தேன். வேன் நின்ற பக்கம் அவன் வரவில்லை. நேராக இளநீர் வண்டிக்குப் போய் அதன் தகரத்தைத் தட்டினான். இளநீர்க்காரர் கை காட்டி அனுப்பினார். பின்கதவைத் திறந்தேன். ஏறும்போது படி தவறியது.

"என்ன சேர், இண்டைக்கு இறால் மணத்தைக் காணேல்லை? வேனைக் கழுவினீங்களோ?"

வேனை யாரும் கழுவவில்லை, மேடம். இறால் வாடை அன்று வழக்கத்தைவிடத் தூக்கலாகத்தான் அடித்தது.

"கழுவுனோம்" என்றேன்.

"முருகலட்சுமி அக்கா எங்க?"

"கேமரா தொடைக்கப் போயிருக்கு."

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "சேர், கோச் என்னை வெளியில எடுக்கப் பாக்கிறார். தலை பாரமா இருக்கு எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். வேன்ல போய்ப் பாத்துட்டு வா, தலையில பட்டிருந்தா ஒக்காந்துரு எண்டார். பெங்களூர்க்காரர் முன்னால எப்பிடி சேர் இருக்கிறது? நீங்கள் பாத்தனீங்கள் தானே?"

பார்த்தேன் என்றேன். அவனுக்குக் கிளிப்பைப் போட்டுக் காட்டினேன். கோலுக்குப் பின்னால் இருக்கிற நாலாவது கேமராவின் கிளிப். அதில் தடுப்பாட்டக்காரனின் முதுகு மறைத்துக்கொள்ளும். தோளும் தோளும் உரசின மாதிரித்தான் தெரியும். விழுந்த பிறகு கை நின்றது அந்தக் கோணத்தில் விழாது. "பாரு, தோள்லதான் பட்டிருக்கு. தலைல படவே இல்ல. வெயில்ல எழும்பினதுல ஒரு கெறக்கம்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "அப்ப விளையாடலாம் தானே சேர்?"

"வெளையாடு."

"வேன் சொல்லிட்டுது" என்று சிரித்தான். இறங்கப் போனவன் திரும்பி, "முருகலட்சுமி அக்கா எங்க?" என்று கேட்டான். கேமரா துடைக்கப் போயிருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

இதுதான் முருகலட்சுமிக்குத் தெரியாதது. ஆனால் இதோடு முடியவில்லை.

இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் ஐந்தாவது கேமராக்காரனிடம், "ஒன்பதாம் நம்பர விடாத. பந்து எங்கன போனாலும் நீ அவன் தலையிலயே இரு" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வேன் சொன்னால் அவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. முருகலட்சுமி கை எல்லாம் வேர்வையாக வந்து உட்கார்ந்தாள். "லென்ஸு சுத்தமாத்தான் சார் இருந்துச்சு" என்றாள். வேட்டியை மடித்து மூலையில் வைத்தாள்.

அந்த இரண்டாவது அடியை அடி என்றே சொல்ல முடியாது. எதிரணி கோல்கீப்பர் தூக்கி உதைத்த பந்து. பக்கத்தில் யாரும் இல்லை. ஜீவிதன் சும்மா நின்ற இடத்தில் நின்று தலையால் தட்டிவிட்டான். பந்து போனது. அவன் இரண்டு எட்டு நடந்தான், எதையோ கேட்கிறவன் மாதிரி கோச் பக்கம் திரும்பினான், முழங்காலிட்டான், விழுந்தான். இந்த முறை கை எழவில்லை. லூர்துராஜ் உடனே விசிலடித்தார். அதற்கு வேன் தேவைப்படவில்லை. டாக்டர் ஓடினார், எல்லோரும் ஓடினார்கள். பொழுது சாயும்போது ஆஸ்பத்திரியில் போய்விட்டான். மூளை வீங்கிவிட்டது என்றார்கள். முகாமே வாசலில் நின்றது. நானும் அங்கே நின்று அழுதேன். அது நடிப்பில்லை, என்னை நம்புங்கள். பெற்ற பிள்ளை போனவன் மாதிரி அழுதேன்.

வீரபத்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் இல்லை, காரியம் முடிந்த மறுவாரம். கமிட்டி முன்னால் முதல் பாதியின் கிளிப்பையும் ஐந்தாவது கேமராவின் கிளிப்பையும் சேர்த்துப் போட்டேன். முதல் அடி, கை, இடைவேளை கழித்து அவன் ஓடிய கோணல், கடைசிப் பந்து. பாதியில் அவர் எழுந்து நின்று, "போதும், நிறுத்துய்யா" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஏன்யா அன்னிக்கே இத எனக்குப் புரியிற மாதிரி சொல்லல?" என்று என்னைத் திட்டினார். அன்றே ஐந்தாவது விஷயமாகச் சேர்த்தார்கள். பெயரையும் அவர்தான் வைத்தார், 'ஜீவிதன் காவல்' என்று. இப்போது கேரளத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மண்டபம் அணியின் கோச் பொன்னுச்சாமியின் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். தலை பாரம் என்று சொன்ன பையனைத் திரும்ப இறக்கியது அவர் தப்பு என்று முடிவாகியது. "வேன்ல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கய்யா" என்று அவர் மன்றாடினார். ஆட்டக்காரர்கள் வேனுக்கு வரக் கூடாது என்பது விதி, ஜீவிதன் வரவில்லை என்று நான் சொன்னேன். வேன் சொன்னால் சரி. இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் இப்போது சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எதிரே பார்த்தால் என்னைத் திட்டுவதுகூட இல்லை, தலையைக் குனிந்துகொள்கிறார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பையன் சொன்னதைத் தான் சரியாகக் கேட்டோமா என்று.

ஜீவிதன் காவலின் அறிமுக விழாவும் இராமேஸ்வரத்தில்தான் வைத்தார்கள். நிசாந்தினியைக் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். அம்மா வரவில்லை. அந்த அனுமதிக் காகிதத்தை இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறதாம். விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன் மாதிரியே கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பேசுகிற பெண்.

"சேர், உங்களுக்கு நன்றி சொல்லோணும் எண்டு அம்மா சொல்லி விட்டவ."

"அதெல்லாம் எதுக்கும்மா."

"ஒண்டு கேக்கட்டே? இந்த மிஷின் அண்டைக்கே உங்கட வேன்ல இருந்திருந்தா, அண்ணா தப்பியிருப்பான், என்ன சேர்?"

"ஆமாம்மா" என்றேன். "இருந்திருந்தா தப்பியிருப்பான்."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வேறு ஒன்றும் இல்லை, இறங்குவதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் முருகலட்சுமி இங்கே வந்து சொன்னாள் என்று கேள்விப்பட்டதும் நானும் புறப்பட்டு வந்தேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் நடக்கவில்லை. முதல் அடியில் அவன் தலை கலங்கியது எனக்குத் தெரியும். இரண்டாவது அடி விழுந்தால் சாவான் என்பது தெரியும். டாக்டருக்குப் போன் போகாமல் தடுத்தேன், வேறு கிளிப்பைக் காட்டி அவனை உள்ளே அனுப்பினேன், அவன் விழுவதைப் படம் பிடிக்க ஆள் வைத்தேன். கொலை என்று நீங்கள் எழுதினால் அந்தச் சொல்லுக்காக நான் உங்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். போன மாதம் தொண்டி அணியின் கோல்கீப்பர் கம்பத்தில் மோதி விழுந்தான். எழுந்து ஒன்றுமில்லை என்று கையாட்டினான். ஜீவிதன் காவல் சத்தம் போட்டது, ஆட்டம் நின்றது, டாக்டர் போனார். அவன் இன்று வீட்டில் தன் பெண்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். இனியும் எத்தனையோ பேர் அப்படி வீட்டுக்குப் போவார்கள். ஜீவிதன் இல்லாமல் அந்த மிஷின் இந்த அளவுக்குத் தேறியிருக்காது. அந்தக் கிளிப்பிலிருந்துதான் அது கற்றுக்கொண்டது. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

நேற்று வேனைச் சோதனை போட்டபோது நீங்கள் கேட்டீர்கள், அவன் செத்த பிறகு அந்தப் புரோகிராமில் என்னென்ன மேம்படுத்தினாய் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன். முதல் அடியிலேயே அது அவனைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. தொண்டிக்காரனைக் கண்டுபிடித்ததும் அதே பழைய புரோகிராம்தான். சத்தத்தை அணைக்கிற பட்டனை எடுத்துவிட்டேன், மேடம். நான் மாற்றியது அது ஒன்றுதான்.